வியாழக்கிழமை டொக்டரும் மூன்றாவது பீங்கானும்

டொக்டர் மரியநாயகம் ஆளைத் தொடுவதற்கு முன் கை கழுவுவார். தண்ணீர்க் குழாய் பொதுத் தோட்டத்தின் மறு முனையில் இருந்ததால் ஒரு பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீர் கொண்டு வருவார். நான் சாய்த்து ஊற்ற, கல் வாங்கின், அதாவது கல் இருக்கையின், ஓரமாகக் குனிந்து முழங்கை வரை கழுவுவார்.

எவ்வளவு கழுவினாலும் அந்தக் கைகளில் வரெக்கினா மணம் போகாது. வரெக்கினா என்பது இங்கே குளியலறை தேய்க்கிற வெளுப்புத் திரவம். காலை முழுவதும் அதில் ஊறிய விரல்களால்தான் வியாழன் பின்னேரம் எங்கள் நாடி பிடித்துப் பார்ப்பார்.

அன்று அவர் முன்னால் இருந்தவள் என் மனைவி புவனம். அவளுக்குச் சீனி வருத்தம் பிடித்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. பலெர்மோவின் எங்கள் பக்கத்துக் குடும்ப வைத்தியர் ஓர் இத்தாலியர். அவர் இரவுச் சாப்பாட்டுக்கு முன் இரண்டு குளிசை என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

"தங்கச்சி, மத்தியானம் எப்ப சாப்பிடுறனீர்?" என்று டொக்டர் கேட்டார்.

"ஒண்டரைக்கு, டொக்டர்," என்றேன் நான். "வேலை செய்யிற வீட்டுச் சிஞ்ஞோராவோட ஒண்டா மேசையில இருந்து. அந்த வீட்டில வேலைக்காரி, வீட்டுக்காரி எண்ட வேறுபாடு இல்லை."

"வடிவாச் சாப்பிடுறவவோ?"

"ஓம், ஓம். பஸ்தா, பிறகு மரக்கறி, பிறகு பழம்."

"இரவிலை?"

"ரெண்டு துண்டு பாண். சில வேளை ஒண்டரை."

டொக்டர் என்னைப் பார்த்தார். பிறகு புவனத்தைப் பார்த்தார். அவள் மெதுவாகத் தலையசைத்தாள். தன் கணவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற தலையசைப்பு அது.

"அப்ப இரவிலை ரெண்டு குளிசை கூடிப்போச்சு. ஒண்டை மத்தியானத்துக்கு மாத்துவம். சாப்பிட இருக்கிறதுக்குச் சற்று முன்னம் போடும்," என்றார்.

நான் நிம்மதியாக அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

வரிசை

நான் வாராவாரம் எழுதும் இந்தத் தொடரைப் படிக்கிற ஒருவர் நாப்போலியிலிருந்து தொலைபேசியில் அழைத்து ஒரு பிழை பிடித்தார். அந்தத் தோட்டத்தில் ஆறு கல் வாங்குகள் என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். ஏழு என்கிறார். மனம் பொறுக்காமல் மறுநாளே பஸ் பிடித்துப் போய் எண்ணினேன். ஏழுதான். ஏழாவது வாங்கு விழுதுகளுக்குள் மறைந்து கிடக்கிறது.

விழுது என்றேன். அது ஆலமரம் இல்லை. ஆலுக்கு ஏதோ தூரத்து உறவான மரம். யானைகள் படுத்திருப்பதுபோல வேர்கள் நிலத்துக்கு மேலே கிடக்கும். இந்த நகரத்தில் பிறந்தவர்கள் அதைப் படம் எடுப்பார்கள். எங்கள் ஆட்கள் அதைக் கண்டவுடன் கீழே இருந்துவிடுவார்கள்.

இத்தாலியில் வீட்டு வேலை செய்பவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும் ஓய்வு. ஞாயிறு சைவருக்குக் கோயிலோடும் வேதக்காரரான கத்தோலிக்கருக்குப் பூசையோடும் போய்விடும். மிஞ்சுவது வியாழன் பின்னேரம். வருத்தக்காரர் எல்லாரும் தங்கள் வருத்தத்தை வியாழன் வரை வைத்திருந்து கொண்டுவருவார்கள்.

நான் ஊரில் கணித ஆசிரியன். இங்கே அடுக்குமாடிகளின் படிக்கட்டுத் துடைப்பவன். ஆனாலும் எல்லாருக்கும் நான் மாஸ்டர்தான். யாருக்குப் பிறகு யார் என்று பார்த்து விடுவது என் பொறுப்பு. காய்ச்சல்காரர் நான்கு, இருமல்காரர் ஏழு, கால்வீக்கம் இரண்டு என்று எண்ணி டொக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

"மாஸ்டர், இருமுற ஆக்களை எண்ணுறியளோ, இருமலை எண்ணுறியளோ?" என்று வரிசையில் ஒருவர் கேட்டார்.

"நீர் இருமும், சொல்லுறன்," என்றேன்.

டொக்டர் காசு வாங்கமாட்டார். சியாகுல்லிப் பக்கம் மன்டரின் ஆரஞ்சுத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள் மாசி, பங்குனியில் ஒரு பை பழம் கொண்டுவந்து வைப்பார்கள். அது மற்ற இடங்களில் மன்டரின் முடிந்த பிறகு பழுக்கிற இனம். டொக்டர் ஒன்றை எடுத்து, உரித்து, தோலைக் கைகளில் தேய்த்துக்கொள்வார். வரெக்கினா மணம் அதற்கு மட்டும்தான் அடங்கும்.

டொக்டரும் அவரே, மருந்துக் கடையும் அவரே

மன்னார்ப் பக்கம் அவர் ஒரு டிஸ்பென்சரி நடத்தியவர். முன் அறையில் அவர் ஆளைப் பார்ப்பார். பின் அறையில் அவரே மருந்து கலப்பார். கம்பவுண்டர் ஒருவரை வைத்துக்கொள்ள வசதி இருந்தும் வைக்கவில்லை. கலக்கிற கையும் பார்த்த கண்ணும் ஒரே ஆளுடையதாக இருக்கவேண்டும் என்பார்.

சனங்கள் வீட்டிலிருந்து வெறும் போத்தலைக் கழுவிக் கொண்டுபோவார்கள். சிவப்பு மருந்தோ வெள்ளை மருந்தோ ஊற்றி, போத்தலின் பக்கத்தில் பல் பல்லாக வெட்டிய கடதாசிப் பட்டி ஒன்றை ஒட்டிக் கொடுப்பார். ஒரு வேளைக்கு ஒரு பல். எழுதப் படிக்கத் தெரியாத ஆளுக்கும் அது விளங்கும்.

சண்டை அந்த டிஸ்பென்சரியின் கூரையைக் கொண்டுபோனது. அவர் எப்படிப் பலெர்மோ வந்து சேர்ந்தார் என்பதை முன்பு ஒரு வாரம் எழுதியிருக்கிறேன். எங்களுக்குத் தெரிந்தவரை இந்த நகரத்துக்கு வந்த முதல் தமிழ் டொக்டர் அவர். வந்தவருக்குக் கிடைத்த வேலை, படுக்கையில் கிடந்த ஒரு கிழவரைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, சூப் பருக்குவது.

எங்கள் சனத்துக்கு இத்தாலிய வைத்தியர்களிடம் ஒரு குறை. அவர்கள் மருந்து தருவதில்லை, கடதாசி தருகிறார்கள். கையால் மருந்து தராதவன் என்ன டொக்டர்? கடதாசியைக் கொண்டுபோய்ப் பார்மசியில் பெட்டி வாங்குவார்கள். பெட்டியை என்ன செய்வதென்று தெரியாமல் வியாழக்கிழமை தோட்டத்துக்குக் கொண்டுவருவார்கள்.

ஒரு மனிதர் காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்து வாயில் மெழுகாய் ஒட்டுகிறது, விழுங்க முடியவில்லை என்று முறைப்பாட்டோடு வந்தார். டொக்டர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். இங்கே பெரியவர்களுக்கும் பின்வழியாக வைக்கிற மருந்து கொடுப்பது சர்வசாதாரணம்.

"எத்தினை விழுங்கினனீர்?"

"நாலு, டொக்டர்."

"சரி. மிச்சத்துக்கு வாய் தேவையில்லை," என்று சொல்லி, காதருகே குனிந்து விளக்கினார். அந்த மனிதர் அதன் பிறகு மூன்று வியாழன் தோட்டத்துப் பக்கமே வரவில்லை.

பெட்டியிலிருந்து குளிசைகளை எடுத்து, கடதாசியில் மடித்து, மேலே தமிழில் எழுதித் தன் கையால் கொடுப்பார் டொக்டர். அதே மருந்துதான். ஆனால் அந்தக் கையிலிருந்து வாங்கினால்தான் எங்கள் ஆட்களுக்குக் குணமாகும். புவனத்தின் மத்தியானக் குளிசைகளும் அப்படித்தான் ஒரு நீலக் கோடு போட்ட கடதாசியில் மடிபட்டு அவள் கைப்பைக்குள் போயின.

பதினொரு முத்திரை

எனக்குப் பயம் இல்லாத வியாழனே கிடையாது. அங்கீகாரம் இல்லாமல் வைத்தியம் பார்ப்பது இந்த நாட்டில் குற்றம். டொக்டரின் படிப்பை ஏற்றுக்கொள்ளும்படி கேட்ட விண்ணப்பம் ரோமாபுரியில் கிடந்தது. அந்தப் பத்திரக் கட்டை அனுப்புவதற்கு முன் நான்தான் சரிபார்த்தேன். மொழிபெயர்ப்பு, உறுதிப்படுத்தல், தூதரகம் என்று பதினொரு முத்திரைகள். யாராவது ஒருவர் ஒரு முறைப்பாடு எழுதினால் போதும். பதினொன்றும் வீண்.

"டொக்டர், ரோமிலையிருந்து பதில் வரும்வரைக்கும் இதை நிப்பாட்டுவமே?" என்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன்.

"பதில் வரும்வரைக்கும் இருமலை நிப்பாட்டச் சொல்லும், நான் நிப்பாட்டுறன்," என்பார்.

இரண்டு பொலிஸ்காரர் தோட்டத்துக்குள் நுழைந்தால் நான் கை தட்டுவேன். எல்லாரும் உடனே சீட்டு விளையாடுகிறவர்கள்போல வட்டமாகத் திரும்பிவிடுவார்கள். சீட்டுக்கட்டும் வைத்திருந்தேன். அதில் ஐம்பத்தொரு சீட்டுத்தான். இஸ்பேட் ஏழு தொலைந்துபோனது இன்றும் என் மனதை அரிக்கிறது.

தொலைபேசி

குளிசையை மாற்றி இரண்டு வியாழன் கழிந்திருக்கும். மூன்றாவது வியாழன், வரிசையில் ஒன்பது பேர். புவனம் வேலை முடித்து நேரே தோட்டத்துக்கு வருவதாக இருந்தது. வரவில்லை. என் கைத்தொலைபேசி அடித்தது.

அவள் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா கார்மேலாவின் குரல். தனியாக வாழும் எண்பது கடந்த மனுஷி. மகன் ஒரு வழக்கறிஞர். நீதிமன்றம் முடிந்து தினமும் தாயோடு மத்தியானம் சாப்பிட வருவான். சிஞ்ஞோரா சிசிலியன் பேச்சில் படபடவென்று கொட்டினாள். எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: புவனம் சாப்பாட்டுப் பீங்கான்களோடு சமையலறையில் விழுந்துவிட்டாள். இப்போது கண் திறந்துவிட்டாள். உடனே வா.

பிறகு மகனின் குரல் வந்தது. அது நிதானமாக, சுத்தமான இத்தாலியனில் இருந்தது. அதனால் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

"உங்கள் மனைவி நோயாளி என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. என் தாயைப் பார்க்க வந்தவரை என் தாய் பார்க்கவேண்டியிருக்கிறது. இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்வோம்."

அடுத்த மாதம் புவனத்தின் பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே இருக்கிற அனுமதி, புதுப்பிக்கவேண்டும். வேலை ஒப்பந்தம் இல்லாமல் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் அந்தக் கடதாசியைத் தொடவும் மாட்டார்கள். வேலை போனால் அனுமதி போகும். வேறு வீடு தேடலாம் என்றால், மயங்கி விழுந்தவள் என்ற பேச்சு ஒரு கிழமைக்குள் எல்லாச் சிஞ்ஞோராக்களுக்கும் போய்விடும்.

டொக்டர் எழுந்து நின்று சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"டொக்டர், நீங்கள் வரவேண்டாம்," என்றேன். "மகன் வழக்கறிஞன். நீங்கள் ஆரெண்டு கேட்டால் என்ன சொல்லுறது? ரோமிலை கிடக்கிற கட்டு..."

"குளிசையை மாத்தினது ஆர்?"

"நீங்கள்தான். அதுக்கு?"

"அதுக்குத்தான் வாறன்."

மன்டரின் பைக்குள் கை விட்டு இரண்டு பழங்களைக் கோட்டுப் பைகளில் போட்டுக்கொண்டார். வரிசையில் நின்ற ஒன்பது பேரும் வழி விட்டார்கள். யாரும் இருமவில்லை.

சமையலறை

அந்த வீட்டில் பேசியதெல்லாம் இத்தாலியனும் சிசிலியனும். என் தமிழில் தருகிறேன்.

புவனம் சமையலறைக் கதிரையில் சாய்ந்திருந்தாள். நெற்றியில் வியர்வை காயவில்லை. சிஞ்ஞோரா அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். மேசையில் ஒரு சின்னக் கோப்பிக் கோப்பை. அடியில் கரையாத சீனி தடிப்பாகக் கிடந்தது.

"மூன்று கரண்டி போட்டேன்," என்றாள் சிஞ்ஞோரா. "என் புருஷன் விழுந்தபோதும் அதுதான் கொடுத்தேன்."

டொக்டர் அந்தக் கோப்பையைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. "நீங்கள் சரியானதைச் செய்தீர்கள், சிஞ்ஞோரா," என்றார்.

"இவர் யார்?" என்று கேட்டான் கதவடியில் நின்ற மகன்.

"என் மைத்துனர்," என்று நான் அவசரமாகச் சொன்னேன். "இவளுடைய அண்ணன்."

"நான் வைத்தியர்," என்றார் டொக்டர் அதே நேரத்தில்.

வழக்கறிஞன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "எந்த மருத்துவமனையில்?"

"இலங்கையில், மன்னார் என்ற இடத்தில். இங்கே இரண்டு தெரு தள்ளி ஒரு வயோதிபரைக் குளிப்பாட்டுகிறேன்."

"என் தாய் சொல்கிறாள், புவனம் சாப்பாட்டுக்கு முன் ஒரு கடதாசியிலிருந்து குளிசை எடுத்துப் போடுகிறாராம். குடும்ப வைத்தியர் கடதாசியில் மடித்துக் கொடுக்கமாட்டார். யார் கொடுத்தது?"

நான் வாயைத் திறந்தேன். டொக்டர் முந்திக்கொண்டார்.

"நான் கொடுத்தேன். இரவுக் குளிசையை மத்தியானத்துக்கு மாற்றியதும் நான்தான்."

"இது குற்றம் என்று தெரியுமா?"

"தெரியும்."

பக்கத்து வீட்டு வானொலியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இப்படியான நேரங்களில் கையும் ஓடாது, காலும் ஓடாது. கண் மட்டும் ஓடும், எதையாவது எண்ணும். மூலையில் கூட்டி ஒதுக்கிய பீங்கான் துண்டுகள் கிடந்தன. ஓரத்தில் நீலப் பூப் போட்ட பழைய பீங்கான்கள். அடிப்பாகங்களை எண்ணினேன். மூன்று.

இரண்டில் தக்காளிச் சோஸ் பிரண்டிருந்தது. மூன்றாவதில் ஒன்றும் இல்லை. கழுவித் துடைத்ததுபோல வெள்ளையாக இருந்தது.

"டொக்டர்," என்றேன் தமிழில். "இஞ்சை சாப்பிடுறது மூண்டு பேர். உடைஞ்சதும் மூண்டு பீங்கான். ஆனா ஒண்டில கறையே இல்லை."

டொக்டர் மூலையைப் பார்த்தார். பிறகு ஒரு கதிரையை இழுத்துப் புவனத்தின் முன்னால் போட்டு இருந்தார்.

"தங்கச்சி, நீர் இண்டைக்கு என்ன சாப்பிட்டனீர்?"

"அவ எப்பவும் பஸ்தா..." என்று தொடங்கினேன்.

"மாஸ்டர், நீர் கொஞ்சம் கதையாமல் இரும்."

அவர் என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. புவனம் தன் மடியைப் பார்த்தபடி இருந்தாள்.

"இன்னும் சாப்பிடேல்லை, டொக்டர்."

"குளிசை?"

"பஸ்தாவுக்குத் தண்ணி கொதிக்கேக்கை போட்டிட்டன்."

"தினமும் எப்ப சாப்பிடுறனீர்?"

"அவை சாப்பிட்டு, பழம் திண்டு, கோப்பி குடிச்சு, நான் எல்லாம் எடுத்துக் கழுவி வச்சிட்டு, இதிலை நிண்டபடி."

"அதுக்குக் கனநேரம் செல்லுமே?"

"மகன் பிந்தி வந்தால் இன்னும் செல்லும். இண்டைக்கு வரப் பிந்திப்போச்சு."

"மேசையில இருக்க உம்மை விடுறேல்லையோ?"

அவள் நிமிர்ந்தாள். "ஐயோ, அப்பிடிச் சொல்லாதையுங்கோ. சிஞ்ஞோரா தினமும் எனக்கும் பீங்கான் வைக்கிறவ. நான்தான் இருக்கிறேல்லை. எல்லாருக்கும் போட்டு, அவை திண்டு முடியாமல் எனக்குத் தொண்டைக்குள்ளை இறங்காது. இவருக்குச் சொன்னனான், சிஞ்ஞோரா மேசைக்குக் கூப்பிட்டவ எண்டு. கூப்பிட்டது உண்மைதானே. நான் போய் இருந்து சாப்பிடுறன் எண்டு இவர் விளங்கிக்கொண்டார். சந்தோசப்பட்டார். பிறகு நான் என்னத்தைச் சொல்ல?"

டொக்டர் இதை இத்தாலியனில் சொன்னார். குற்றம் யார் மேலும் விழாமல் சொல்ல அவர் சொற்களைத் தேடுவது எனக்குத் தெரிந்தது. குளிசை சீனியைக் குறைத்துவிட்டது, சாப்பாடு அதைக் கூட்ட வரவில்லை, குடும்பத்தில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவது எங்கள் பெண்களின் பழக்கம் என்று முடித்தார்.

சிஞ்ஞோரா புவனத்தின் கையை விட்டாள்.

"பழக்கமா? நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என் சமையல் அருவருப்பு என்று நினைத்தேன். பிறகு மதம் என்று நினைத்தேன். பிறகு, கிழவியோடு இருந்து சாப்பிட இவளுக்கு விருப்பம் இல்லை என்று நினைத்தேன். தினமும் ஒரு பீங்கான் வைக்கிறேன். தினமும் இவள் அதைச் சுத்தமாகவே எடுத்துக் கழுவி வைக்கிறாள். சுத்தமான பீங்கானைக் கழுவுகிறாள்! மகனே, நீ வழக்கறிஞன். சுத்தமான பீங்கானை எதற்குக் கழுவுகிறார்கள், சொல்!"

எனக்கு அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் தெரியாது.

சிஞ்ஞோரா அலுமாரியைத் திறந்து ஒரு பீங்கானை எடுத்துப் புவனத்தின் முன் வைத்தாள். ஆறிப்போன பஸ்தாவைச் சட்டியோடு கொண்டுவந்து போட்டாள். பிறகு எதிர்க் கதிரையில் இருந்து இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றிக்கொண்டாள்.

"சாப்பிடு. எழும்பினால் நானும் எழும்புவேன். என் முழங்காலுக்கு எழும்பக் கூடாது. உன் டொக்டரைக் கேள்."

"எழும்பக் கூடாது," என்றார் டொக்டர் மிகுந்த கண்டிப்போடு.

புவனம் சாப்பிட்டாள். கண்ணீர் வந்தது, ஆனாலும் சாப்பிட்டாள். டொக்டர் கோட்டுப் பையிலிருந்து ஒரு மன்டரினை எடுத்து உரித்துப் பக்கத்தில் வைத்தார். பத்துச் சுளை இருந்தது. எட்டைச் சாப்பிட்டு இரண்டைச் சிஞ்ஞோராவின் பக்கம் தள்ளிவிட்டாள்.

மைத்துனர்

வாசல்வரை மகன் வந்தான். மனைவியின் வேலையும் டொக்டரின் ரோமாபுரிப் பத்திரக் கட்டும் இந்த மனிதனின் வாயில் தொங்கிக்கொண்டிருந்தன.

"அம்மா உங்கள் மனைவியை விடமாட்டாள்," என்றான் அவன். "ஒப்பந்தம் அப்படியே இருக்கட்டும். ஆனால் நாளைக்குக் காலையில் அவர் குடும்ப வைத்தியரிடம் போய், நடந்ததைச் சொல்லி, குளிசை நேரத்தை அவருடைய கையால் எழுதி வாங்கவேண்டும்."

"நிச்சயமாக," என்றார் டொக்டர். "நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன்."

அவன் டொக்டரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

"இன்று என் தாயின் வீட்டுக்கு வைத்தியர் எவரும் வரவில்லை. உங்கள் மைத்துனர் வந்திருந்தார். அப்படித்தானே சொன்னீர்கள்?"

"அப்படித்தான்," என்றேன்.

"தங்கையை நன்றாகப் பார்த்துக்கொள்கிற அண்ணன்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினான்.

தெருவில் இறங்கியதும் டொக்டர் சிரிக்கத் தொடங்கினார். அவர் வேதம், நான் சைவம். அவர் மன்னார், நான் வலிகாமம். என் கல்யாணத்துக்கு வந்தவர்களைப் பெயர் பெயராகச் சொல்லுவேன், அதில் இவர் இல்லை.

"என்ன மச்சான்," என்றார். "சீதனம் எல்லாம் ஒழுங்காத் தந்தனாங்களோ?"

அன்றிலிருந்து தோட்டத்தில் எல்லாருக்கும் நான் டொக்டரின் மச்சான். யாராவது புதிதாக வந்து உண்மையென்று நம்பி விசாரித்தால் நாங்கள் இருவரும் மறுப்பதில்லை.

அடுத்த வியாழன்

அவர் கை கழுவினார். நான் போத்தலைச் சாய்த்தேன். புவனம் வாங்கில் இருந்தாள். குடும்ப வைத்தியர் எழுதிய கடதாசி அவள் கையில் இருந்தது. அன்றிலிருந்து, ரோமாபுரிப் பதில் வரும்வரை, டொக்டர் யாருடைய குளிசையின் நேரத்தையும் தானாக மாற்றியதில்லை. கேள்வி மட்டும் கேட்பார். முதல் கேள்வி எல்லாருக்கும் ஒன்றுதான்: எப்போது சாப்பிடுகிறாய், கதிரையில் இருந்தா, நின்றா?

கேட்டுப் பார்த்தபோது, வரிசையில் நின்ற பெண்கள் ஆறு பேரில் ஐந்து பேர் நின்றபடிதான் சாப்பிடுகிறவர்கள்.

புவனத்திடம் அவர் சிஞ்ஞோரா வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

"தங்கச்சி, உங்கட வீட்டில இரவு எப்ப சாப்பிடுறனீர்?"

நான் எட்டு மணி என்று சொல்ல வாய் எடுத்தேன். டொக்டர் ஈரக் கையின் ஒரு விரலை உயர்த்தினார். தண்ணீர் என் சப்பாத்தில் சொட்டியது.

புவனம் என்னைப் பார்க்கவில்லை. "இவர் சாப்பிட்டு, கை கழுவி, ரீவியில செய்தி பாத்து முடிஞ்சாப்பிறகு," என்றாள்.

"இருந்தோ?"

"பாணாலை சட்டியை வழிச்சுக்கொண்டு, நிண்டபடி."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. சோறு கொஞ்சம் ஆறினாலே முகம் சுளிக்கிறவன் நான். அப்பளம் எத்தனை பொரித்தாள், மீன் எத்தனை துண்டு என்று சொல்வேன். அவள் எங்கே சாப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்ததில்லை.

"மச்சான், உமக்கும் ஒரு மருந்து இருக்கு," என்றார் டொக்டர். கடதாசித் துண்டு ஒன்றை எடுத்து மடித்தார். உள்ளே ஒன்றும் வைக்கவில்லை. மேலே தமிழில் எழுதி, மற்றவர்களுக்குக் கொடுப்பதுபோலவே இரண்டு கையாலும் என்னிடம் தந்தார்.

*அவ இருந்தாப் பிறகு தொடங்கவும். இரு வேளையும்.*

பிறகு

ரோமாபுரியிலிருந்து பதில் வர மேலும் சில வருடங்கள் ஆகின. பரீட்சை ஒன்றும் எழுதவேண்டியிருந்தது. அவர் பென்சன் வயதை நெருங்கும்போதுதான் பலெர்மோவின் பிரான்காச்சோ பகுதியில், குடியிருப்பு மாடி ஒன்றின் கீழ்த் தளத்தில், தன் பெயர்ப் பலகையை மாட்டினார். திறந்த அன்று பஸ்ஸில் இடம் இல்லாமல் எங்கள் சனம் நின்றுகொண்டே போனது. முப்பத்தெட்டுப் பேர் வரை எண்ணினேன். பிறகு யாரோ இனிப்புத் தட்டை நீட்டினார்கள், எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

அடுத்த மாதமே முறைப்பாடும் தொடங்கிவிட்டது. "டொக்டர் மாறிப்போனார். முந்தி மாதிரி மருந்து தாறேல்லை. பேப்பர்தான் தாறார்." அதைக் கேட்டு அவர் என்ன செய்தார் என்றால், கடைசி ஆளைப் பார்த்து முடித்ததும் எல்லாரையும் கூட்டிக்கொண்டு தெருவைக் கடந்து பார்மசிக்குப் போவார். வெள்ளைக் கோட்டோடு வரிசையில் நின்று, வாங்கிய பெட்டிகளின் மேல் தமிழில் எழுதி, தன் கையால் கொடுப்பார். பார்மசிக்காரப் பெண் அவருக்கென்று ஒரு தடித்த பேனையை மேசையில் கட்டி வைத்திருந்தாள்.

இப்போது பகேரியாவில் மகள் வீட்டில் இருக்கிறார். கண் சரியில்லை. போன மாதம் ரயில் ஏறிப் போய்ப் பார்த்தோம். என் குரலைக் கேட்டதும், "மச்சானோ?" என்றார். கையைப் பிடித்தேன். சவர்க்கார மணம் மட்டும்தான். எனக்கு என்னவோபோல் இருந்தது. கொண்டுபோன பையிலிருந்து ஒரு மன்டரினை உரித்து, தோலை அவர் கையில் தேய்த்துவிட்டேன். அவர் மூக்கருகே கொண்டுபோய் மணந்துவிட்டு, "வியாழக்கிழமையோ இண்டைக்கு?" என்றார்.

சிஞ்ஞோரா கார்மேலா இல்லாமல் போய் வெகுகாலம். புவனம் அந்த வீட்டில் கடைசிவரை இருந்தாள். இருந்துதான் சாப்பிட்டாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சமையலறையிலிருந்து கூப்பிடுகிறாள். போய் மேசையில் இருக்கிறேன். இரண்டு பீங்கான். எனக்குப் போட்டுவிட்டாள், தனக்கும் போட்டுவிட்டாள். பிறகு தண்ணீர் எடுக்கப் போகிறாள். பிறகு ஊறுகாய். பிறகு அடுப்பை அணைத்தாயிற்றா என்று பார்க்கப் போகிறாள்.

"இஞ்சேருங்கோ, தொடங்குங்கோவன். சோறு ஆறுது."

"இரும், பிறகு தொடங்குறன்."

"இந்தா வாறன், நீங்கள் தொடங்குங்கோ."

நான் கையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். அந்த வியாழனுக்குப் பிறகு நான் சூடான சோறு சாப்பிட்டது கிடையாது. டொக்டர் என்னுடைய மற்ற எல்லா மருந்தையும் எப்போதாவது மாற்றியிருக்கிறார், நிறுத்தியிருக்கிறார். போன மாதம் பகேரியாவில் இந்தக் கடதாசி மருந்தைப் பற்றிக் கேட்டுப் பார்த்தேன்.

"அதை நிப்பாட்டக் கூடாது, மச்சான்," என்றார்.